காணிக்கைப் பாட்டு

செங்கல்பட்டுத் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடித்து மாமல்லபுரம் பஸ் ஏறிய ஓர் அம்மாள், ஊரப்பாக்கத்துக்குக் குடிபோய்விட்ட தன் பழைய பக்கத்து வீட்டுக்காரியை எனக்கு முன்சீட்டில் பார்த்துவிட்டு அருகே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சொன்னாள்:

“இப்பல்லாம் கோயில்ல நான் வாயத் தொறக்கிறது, நாக்குல நன்மை அப்பம் வாங்கறதுக்கு மட்டுந்தான்.”

“இன்னாக்கா சொல்ற? இருவது வருசமா நீதான எல்லாருக்கும் பாட்டு எடுத்துக் குடுத்துகினு இருந்த?”

“அது கீபோர்டு வர்றதுக்கு முன்னாடி. இப்ப மைக்கு கீது, ஒரே கலர் சுடிதார்ல ஆறு பொண்ணுங்க கீறாங்க. நான் கூடப் பாடுனா சுதி சேரலியாம். பாட்டு மாஸ்டர் எல்லார் எதிர்லயும் சொன்னாரு, ‘நீங்க மனசுக்குள்ள பாடுங்கம்மா, கடவுளுக்குக் கேக்கும்’னு.”

“சாமியார் ஒண்ணும் சொல்லலியா?”

“பக்கத்துலதான் நின்னாரு. சிரிச்சாரு.”

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. பஸ் கிளம்பியதும் இளையவள் கேட்டாள்.

“அப்புறம் ஏன்கா அந்தக் கோயிலுக்குப் போற?”

“போனதாலதான் இன்னிக்குப் பாத்தேன். காணிக்கைப் பாட்டு பாதியில கரண்ட் போச்சு. கீபோர்டு நின்னுச்சு, பொண்ணுங்களும் நிறுத்திட்டாங்க. ஜனம் பாடி எத்தினி நாளாச்சு, ஒருத்தருக்கும் வாய் வரல. சாமியார் பீடத்துலருந்து நேரா என்னப் பாத்து, எடுன்னு தலைய ஆட்டுனாரு.”

“எடுத்தியா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“கடைசி அடி வரைக்கும் பாடுனேன். மனசுக்குள்ள.”