'முடிந்தது' என்று போன செய்தி

நான் பொதுவாக யாரையும் தொந்தரவு செய்கிறவன் இல்லை, சார். பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் காதைக் கிழித்தாலும் ஜன்னலைச் சாத்திக்கொள்வேனே தவிர, போய்க் கதவைத் தட்டமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் என் வேலை சின்னது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆய்வகத்திலிருந்து கம்ப்யூட்டர் வழியாக வார்டுகளுக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் நர்ஸ்களின் போனுக்குத் தானாக ஒரு செய்தி போகும்படி நான்தான் அமைத்தேன். எல்லாம் போய்விட்டால் 'முடிந்தது'. பாதியில் நின்றால் 'நின்றுவிட்டது, ஆய்வகத்தைக் கேளுங்கள்'.

முதல் வாரமே தலைமை நர்ஸ் என் அறைக்கு வந்துவிட்டார். "ஏம்ப்பா, நின்னுபோச்சு நின்னுபோச்சுன்னு உன் மெஷின் எங்க உயிரை வாங்குது."

மேலாளர் இன்னும் நயமாகச் சொன்னார். "புது சிஸ்டம் தம்பி. அடிக்கடி நிக்குதுன்னு மேல தெரிஞ்சா என் தலைதான் உருளும். பார்த்துச் செய்யுங்க."

யோசித்துப் பார்த்தேன். பாதியில் நின்றாலும் அந்த வேலை முடிந்ததுதானே. இரண்டுக்கும் 'முடிந்தது' என்றே போகும்படி மாற்றினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நின்றுபோனவை என் திரையில் மட்டும் தெரியும். நேரம் கிடைத்தபோது மறுபடி ஓடவிடுவேன். வார்டுகள் அமைதியாகிவிட்டன. மேலாளர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

வார்டில் அந்தச் சொல்லை வேறு மாதிரி படித்தார்கள். 'முடிந்தது' வந்து, திரையில் ஆபத்தான அளவைக் காட்டும் சிவப்பு இல்லாவிட்டால் நோயாளிக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். வந்து சேராத முடிவுக்குச் சிவப்பு எங்கிருந்து வரும்? எனக்கு அது தெரியும். சில படுக்கைகள் அப்படிக் காலியாயின, குணமாகி வீட்டுக்குப் போனதால் அல்ல. யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

பிறகு என் மாமனாரைச் சிறுநீரகக் கோளாறுக்காக அங்கேயே சேர்த்தோம். "நீங்க இருக்கும்போது எனக்கென்னங்க கவலை" என்றாள் மனைவி.

ஒரு நாள் காலை, அவருடைய பரிசோதனை முடிவு போவதற்குச் சற்று முன்னால் சிஸ்டம் நின்றுவிட்டது. ஆய்வகத்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பொட்டாசியம் இதயம் தாங்காத அளவுக்கு ஏறியிருந்தது. மறுபடி ஓடவிட்டேன், நகரவில்லை. வார்டுக்கு 'முடிந்தது' என்ற செய்தி மட்டும் போய்விட்டது.

மனைவி போன் செய்தாள். "ரிப்போர்ட் வந்திருச்சாம், எல்லாம் நார்மல்னு நர்ஸ் சொல்றாங்க. அப்பா ஏங்க இப்படித் தவிக்கிறாரு?"

"டாக்டர் வந்துருவாரு, பதறாதே" என்றேன்.

வார்டு ஒரு மாடி கீழேதான். இறங்கிப் போய்ச் சொல்லியிருந்தால் மாமா பிழைத்திருப்பார். ஆனால் காலியான மற்றப் படுக்கைகளைப் பற்றியும் கேட்டிருப்பார்கள். அதனால் உட்கார்ந்தே இருந்தேன். மனைவி மறுபடி போன் செய்து அழும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், சார். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அப்பாவைப் பறிகொடுத்தவள், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?