குழம்புக் கிண்ணத்தோடு வந்தவர்

“அம்மா, மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடக் கூப்பிட்ட இடத்தில ஆரும் குசினிக்குள்ள போவினமோ?”

சுவிஸில் ஓல்டன் நிலையத்தில் பெட்டிகளோடு ரயிலில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண், பக்கத்திலிருந்த தாயிடம் கேட்டாள். இங்கிலாந்தில் ஒரு கிராமத்து பப்பில், அவள் விரும்பும் பையனின் பெற்றோரோடு நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்களாம்.

“சாப்பிட்ட கோப்பையள் மேசையில அப்பிடியே கிடந்தது, பிள்ளை. கை சும்மா இருக்கேல்ல. இஞ்ச சூக் நகரத்தில ரெஸ்டோரன்ட்டில நான் தினமும் செய்யிற வேலைதானே. அடுக்கி, சமைக்கிற குசினிக்குத் தூக்கிக்கொண்டு போயிட்டன்.”

“வெக்கத்தில நான் தலை நிமிரேல்ல.”

“நிமிர்ந்திருந்தால் கண்டிருப்பாய். அவன்ரை தாயும் எழும்பி என்ரை பின்னால வந்தவா. கையில, இறைச்சிக்கு ஊத்துற ஒரு குழம்புக் கிண்ணம் மட்டும்தான்.”

“அதை ஏன் தூக்கினவா?”

“நான் தனியப் போகக் கூடாதெண்டுதான். வேற என்னத்துக்கு?”

மகள் தாயின் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப, கலியாணத்துக்கு நீங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே அம்மா?”

“குசினி வாசலிலயே ஓம் எண்டு நினைச்சிட்டன்.”