வெள்ளைக்கால் பெரட்டு

எஹலியகொடைக் கடைவீதியிலிருந்து மூன்று மைல் மேடேறி வந்து, முகமெல்லாம் வியர்வை பூக்க, பக்கத்திலே ஒரு பெட்டி சவுக்காரத்தோடு தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும் தயாள குணம் படைத்த ஸஹாப்தீன் முதலாளி அவர்களே! அறிவையும் அடியையும் அளவறிந்து வழங்கும் அருந்தமிழ் ஆசான் இராமசாமி வாத்தியார் அவர்களே! பேதி மருந்தையும் பேரன்போடு புகட்டும் பெருந்தகை, டிஸ்பென்சர் அஸீஸ் அவர்களே! வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் கங்காணிமார்களே! ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் காய்த்த கரங்களால் கைதட்டக் காத்திருக்கும் தந்தைமார்களே! மடியில் ஒன்றும் மார்பில் ஒன்றுமாய் மலர்ந்திருக்கும் தாய்மார்களே! எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையிலே மூக்கைச் சிந்தித் துடைத்து முத்துப் போல் உட்கார்ந்திருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பொடிசுகளே! உங்கள் எல்லாருக்கும் என் இரு கை கூப்பிய வணக்கம். தலைவருக்கு மட்டும் தனியே ஒரு ஸலாம்.

நான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பக்கத்துத் தோட்டத்து விருந்தாளிகளுக்காகச் சொல்கிறேன். நான்தான் அழகமுத்து. இந்த ரப்பர் தோட்டத்தின் கண்டாக்கு. பதினான்கு வருஷமாக, விடியற்காலையில் தப்பு மேளம் அடித்ததும் பெரட்டுக் களத்திலே நின்று, வேலைக்கு வந்தவர்களை வரிசைப்படுத்திப் பேர் கூப்பிடுகிறவன். நாள் முழுக்க ஒழுங்காய் வேலை செய்தால் முழுப்பேர். என் முகம் கோணினால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி. மீதி அரைநாள் உழைப்பு காற்றோடு போச்சு. அப்படிப்பட்ட அதிகாரம் இந்த அழகமுத்துவின் பென்சில் நுனியிலே ஆடிக்கொண்டிருந்தது!

என்ன அங்கே, மூன்றாம் வரிசையிலே? இருமலா, சிரிப்பா? சிரிப்பென்றால் சற்றே பொறுங்கள் தாயே, இன்னும் நிறைய இருக்கிறது.

இந்தப் பள்ளிக்கூட விழாவுக்காக வாத்தியார் எனக்குக் கொடுத்த தலைப்பு, “சுகவாழ்வின் சிறப்பு.” அதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மடத்தனத்தின் சிறப்பு. ஆகவே அதைப் பற்றியே விரிவாகப் பேச விரும்புகிறேன்.

சென்ற வருஷம் மாசி மாதம். கொக்கிப்புழுவை ஒழிக்க வேண்டும் என்று அரசாங்கத்து டாக்டர் உத்தரவு போட்டார். தோட்டத்துச் செலவிலே, நீங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம் எழும்பியது. ஆறு கதவு, தகரக் கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர்! மேடை நாகரிகம் கருதி அதை மலசலகூடம் என்பேன். என்ன? விளங்கவில்லையா? கக்கூஸ் ஐயா, கக்கூஸ்! விளங்கிவிட்டதா? நல்லது.

கட்டி முடித்ததும் நான் போய்ப் பார்த்தேன். ஆகா! என்ன வெண்மை! என்ன வனப்பு! என் குவார்ட்டர்சுக்குக்கூட அப்படிச் சுண்ணாம்பு அடித்ததில்லை. “இதை இந்த ஜனங்களிடம் விட்டால் இரண்டு நாளிலே நாசமாக்கிவிடுவார்களே! டாக்டர் பார்க்க வரும்போது எதைக் காட்டுவது?” என்று நினைத்தேன். நினைத்தேனா? உடனே செய்தேன். ஆறு கதவையும் சேர்த்து ஒரே சங்கிலியால் கோத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டைப் போட்டேன்! சாவியை அரைஞாணிலே முடிந்தேன்! மாதம் ஒரு முறை திறந்து, ஒட்டடை அடித்து, மறுபடியும் பூட்டினேன். டாக்டர் வந்தார், பார்த்தார், “வெரிகுட்” என்றார். குட் ஆகாதா பின்னே? ஒரு மனிதன் காலடி வைக்காத கக்கூஸ் உலகத்திலே வேறு எங்கே உண்டு?

ஜனங்கள் எங்கே போனார்கள்? வழக்கம்போல ரப்பர் மரத்துக்குப் பின்னால்தான் போனார்கள்.

இப்படி ஐந்தாறு மாதம் போனபிறகுதான் நமது வாத்தியார் பள்ளிக்கூடத்திலே சுகாதாரப் பாடம் தொடங்கினார். கை கழுவு என்றார், நகம் வெட்டு என்றார், பல் துலக்கு என்றார். பிறகு கொக்கிப்புழுவுக்கு வந்தார். “பிள்ளைகளே! அசுத்தமான மண்ணிலே அந்தப் புழு பிறக்கிறது. வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே ஏறுகிறது. குடலிலே கொக்கி போட்டு இரத்தத்தைக் குடிக்கிறது. முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும், முழங்கால் தளரும். ஆகையால் சப்பாத்து அணிய வேண்டும்!” என்று முழங்கினார்.

இந்தத் தோட்டத்திலே மொத்தம் மூன்று சோடிச் சப்பாத்து. தோட்டத்தை ஆளும் தொரைக்கு ஒன்று, டிஸ்பென்சருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வாத்தியாருக்கே கிடையாது! மறுக்காதீர்கள் வாத்தியாரே, ஊரே உங்கள் காலைத்தான் பார்க்கிறது.

அப்போது இரண்டாம் வகுப்பிலே ஒரு பெண் எழுந்தாள். எட்டு வயது. எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய இரட்டைச் சடை. பெயர் இருளாயி.

“வாத்தியாரையா, சப்பாத்து இல்லாதவங்க என்னாங்க செய்யிறது?”

வாத்தியார் தாடையைச் சொறிந்தார், கூரையைப் பார்த்தார், “யோசித்துவிட்டு வா” என்று சொல்லி மணியை அடித்துவிட்டார். பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லவே கூடாது ஐயா! அவர்கள் உண்மையாகவே யோசித்துவிடுகிறார்கள்!

இனிமேல்தான் வேடிக்கை. இரண்டு நாள் கழித்து, புதன்கிழமைக் காலை. தப்பு முழங்குகிறது. பெரட்டுக் களத்திலே நான் கம்பீரமாக நிற்கிறேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அந்த வழியாக வருகிறார்கள். வந்தார்களா? பார்த்தேனா? பார்த்த கண் பார்த்தபடி நின்றுவிட்டது! முப்பத்திரண்டு பிள்ளைகள், அறுபத்து நான்கு பாதங்கள். அத்தனையும் வெள்ளை! கணுக்கால் வரைக்கும் வெள்ளை, வெள்ளை, வெள்ளை! அதிலும் நடக்கும்போது ஒரு சத்தம் கிறீச் கிறீச் என்று!

பாண் ரொட்டி விற்க வந்த சிங்களத்துக்காரர் கூடையைப் போட்டுவிட்டு, “அம்மோ! லாதுரு!” என்று கத்தினார். லாதுரு என்றால் குஷ்டம். நான் பின்வாங்கினேனா? இல்லை! ஓடினேன்! ஆபீஸ் வாசலில்தான் நின்றேன். நின்று, “குஷ்டம்! தோட்டம் முழுக்கக் குஷ்டம்!” என்று நானும் கூவினேன். கங்காணிமார் மரத்தில் ஏறினார்கள். சிரிக்கிறீர்களே கங்காணியாரே, இரண்டாவது கிளையிலே தொங்கியது நீங்கள்தானே?

டிஸ்பென்சர் அஸீஸ் சைக்கிளிலே பறந்து வந்தார். மூக்கிலே கைக்குட்டையைக் கட்டினார். இருளாயியின் காலை மெல்லத் தொட்டார், முகர்ந்தார், ஓரத்தைக் கிள்ளி இழுத்தார். சரக்கென்று உரிந்து வந்தது ஐயா, ஐந்து விரலும் அச்சாகப் பதிந்த ஒரு முழுக் கால்! அதை உயரத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: “கண்டாக்கையா, இது நோயில்ல. ரப்பரு!”

ஆம், அவையோரே! சப்பாத்து இல்லாத பிள்ளைகள் ரப்பர் பாலைக் காலிலே பூசிக்கொண்டார்கள். ஒரு பூச்சு, வெயிலிலே காய்ச்சல். இன்னொரு பூச்சு, இன்னொரு காய்ச்சல். மூன்று பூச்சிலே ஒரு சப்பாத்து! தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த எண்ணம் தோன்றியிருக்குமா? தென்னந்தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் தோன்றியிருக்குமா? ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்கல்லவா தோன்றும்!

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பயந்தவனுக்குப் பயம் தெளிந்ததும் வருவது என்ன? கோபம்! “யாருடைய பால் இது? தோட்டத்துப் பாலைத் திருடியது யார்?” என்று குதித்தேன். விசாரித்தேன். முதல் பூச்சு யாருக்குப் பூசப்பட்டது தெரியுமா? இருளாயியின் தாய் வெள்ளையம்மாவுக்கு. அவள் வெட்டுகிற மரங்களிலிருந்துதான் பாலும் வந்திருக்கிறது.

வெள்ளையம்மாவின் மேல் எனக்கு ஏற்கெனவே எரிச்சல். பத்து மரம் வெட்டுவாள், பதினோராவது மரத்தடியிலே உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று முடிவுகட்டி, மூன்று மாதமாக அவளுக்கு நான் போட்டது அரைப்பேர், அரைப்பேர், அரைப்பேர்! இப்போது திருட்டும் சேர்ந்துவிட்டது. வேலையை விட்டு நீக்கும் சீட்டை அங்கேயே எழுதி, “இன்றைக்கே பற்றுச்சீட்டு! பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டே போ!” என்றேன். கணவனை இழந்தவள், கையிலே ஒரு பிள்ளை, போக்கிடம் ஒன்றும் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

ஆபீஸ் வாசலிலே விசாரணை. தொரை வந்தார். அவர் தமிழ் உங்களுக்குத் தெரியும். ஆண், பெண், மாடு, மரம் எல்லாமே அவருக்கு அவன்தான். இருளாயியைப் பார்த்துக் கேட்டார்: “நீ ஏன் பாலு எடுத்தான்?”

வெள்ளையம்மா அழுதாள். மகள் அழவில்லை. ஒரு காலிலே ரப்பரும் ஒரு காலிலே தோலுமாய் நின்று சொன்னாள்.

“தொரைங்களே, வாளிப் பால நாங்க தொடலைங்க. பாலெல்லாம் எடுத்துட்டுப் போனதுக்கப்புறம் மரத்துல கட்டியிருக்க செரட்டையில சொட்டுச் சொட்டா ஊறிச்சுங்களே, அதத்தான் எடுத்தோம். அம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்க. மொகம் வெளுத்துப் போச்சுங்க. பூச்சி கால் வழியா ஏறுதுன்னு வாத்தியாரையா சொன்னாருங்க. அம்மா செத்துப் போயிருமோன்னு பயமா இருந்துச்சுங்க. அதுனால கால மூடுனோம்.”

தொரை மீசையைத் தடவினார். “மண்ணில ஏன் பூச்சி வந்தான்? நாங்க கக்கூஸ் கட்டிக் குடுத்தான்தானே?”

“கட்டியிருக்குங்க தொரைங்களே. சாவி கண்டாக்கையா இடுப்புல இருக்குங்க.”

அவ்வளவுதான். அவ்வளவேதான்! கோள் சொல்லும் குரலில்லை, கோபமும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பாடம் ஒப்பிப்பது போல ஒரு பதில். கூடியிருந்த இருநூறு பேரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். தொரை பார்த்தார். வாத்தியார் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன்! அங்கே தொங்கியது ஐயா, அந்தச் சாவி. அது அவ்வளவு கனத்ததை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

டிஸ்பென்சர் வெள்ளையம்மாவின் கண்ணிமையைக் கீழே இழுத்து என்னிடம் காட்டினார். சிவப்பே இல்லை. “இது சோம்பேறித்தனம் இல்லீங்க கண்டாக்கையா. இந்த ஒடம்புல ரத்தமே இல்ல. இதோட பத்து மரம் வெட்டினதே பெருசு” என்றார்.

சபையோரே, நான் எத்தனையோ பேரைத் தலைகுனிய வைத்தவன். அன்றைக்கு நான் தலைகுனிந்தேன். பூட்டியவன் நான். நான் பூட்டியதாலே மண் கெட்டது. மண் கெட்டதாலே அவள் உடம்பு கெட்டது. உடம்பு கெட்டதாலே அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்கு அரைப்பேர் போட்டவனும் நானே! ஒரு கக்கூசின் அழகைக் காப்பாற்றுவதற்காக ஒரு தாயின் உயிரை ஊசலாட விட்டேனே, என்னைப் போன்ற முட்டாளை இந்தச் சப்ரகமுவா முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியுமா?

என்ன? முடியாதா? ஏகமனதாகச் சொல்கிறீர்களே, நன்றி, நன்றி!

சாவியை அவிழ்த்து அந்தச் சின்னக் கையிலே வைத்தேன். பற்றுச்சீட்டைக் கிழித்தேன். முப்பத்திரண்டு பிள்ளைகளும் கிறீச் கிறீச் என்று ஓடினார்கள், சங்கிலியை இழுத்தார்கள், ஆறு கதவும் படபடவென்று திறந்தன! மறுநாள் காலை அங்கே நின்ற வரிசையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். திருவிழாத் தேருக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. அழுக்காகுமே என்று நான் அஞ்சினேன் அல்லவா? முறை வைத்துக் கழுவியவர்களும் அந்தப் பொடிசுகளே, முறை தவறிய பெரியவர்களை விரட்டியவர்களும் அந்தப் பொடிசுகளே!

வெள்ளையம்மா மருந்து குடித்தாள். கசந்தது, குமட்டியது, குடித்தாள். ஆறே மாதத்திலே அவள் முகத்திலே நிறம் வந்தது. நான் பேசத் தொடங்கியதிலிருந்து மூன்றாம் வரிசையிலே விழுந்து விழுந்து சிரிக்கிறாளே ஒரு தாய், அவள்தான் வெள்ளையம்மா! சிரி தாயே, நன்றாகச் சிரி! இந்தச் சிரிப்பைக் கேட்க நான் இன்னும் நூறு மேடையிலே முட்டாளாகத் தயார்!

அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் நடக்கிறது. தினமும் காலையிலே தண்ணீர் பீலியடியிலே பிள்ளைகள் தனியாக ஒரு பெரட்டு வைக்கிறார்கள். ஒருவன் தகர டப்பாவையே தப்பு மேளமாக்கி அடிக்க, எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். கை சுத்தமா, நகம் வெட்டியதா, பல் துலக்கியதா? சுத்தமானால் முழுப்பேர். இல்லையானால் அரைப்பேர்! இப்போது பெரியவர்களையும் விடுவதில்லை. புகையிலைக் கறைப் பல்லோடு போன கங்காணியார் ஒரு வாரமாக அரைப்பேரிலே நிற்கிறார்.

பள்ளிக்கூடத்துக்கு ஏன் பிள்ளையை அனுப்ப வேண்டும், புல்லுப் பிடுங்கினாலாவது ஒரு கைக்காசு ஆகுமே என்று கேட்கிறீர்கள் சிலர். தாய்மார்களே, தந்தைமார்களே! டாக்டர் வந்தார், பூட்டைத் திறந்தாரா? தொரை இருந்தார், திறந்தாரா? கண்டாக்கு இருந்தேன், திறந்தேனா? பாடம் படித்த ஒரு பிள்ளையின் வாய்தானே திறந்தது! அனுப்புங்கள் ஐயா! மழை பெய்தாலும் அனுப்புங்கள், அட்டை கடித்தாலும் அனுப்புங்கள், அடம் பிடித்தாலும் தூக்கிக்கொண்டு வந்து விடுங்கள்!

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். முடித்துவிடுகிறேன். இந்த வருஷத்துச் சுகாதாரப் பரிசு, தலைவர் அன்பளித்த ஒரு கட்டி வாசனைச் சவுக்காரம், இருளாயிக்கு. வா தாயீ, மேடைக்கு வா. கைதட்டுங்கள்! இன்னும் பலமாக! இந்தா, பிடி.

என்ன? வாங்கமாட்டாயா? ஏன்? என்ன சொல்கிறாய்? சபையோரே, இவள் முதலில் என் கையைக் காட்டச் சொல்கிறாள். இத்தனை பேர் முன்னாலா? சரி, சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம்தான். பார் அம்மா. வலக்கை, சுத்தம். இடக்கை, அதுவும் சுத்தம். எதை இவ்வளவு உற்றுப் பார்க்கிறாய்? பெருவிரல் நகமா? அடடா! காலையிலே தராசடியிலே பாலைத் தொட்டேன், ஒட்டிக்கொண்டுவிட்டது!

உரக்கச் சொல் தாயே, உன் அம்மாவுக்கும் கேட்கட்டும்!

கேட்டீர்களா? “கண்டாக்கையாவுக்கு இன்னைக்கு அரைப்பேருங்க!”

நியாயமான தீர்ப்பு. தலைவர் அவர்களே, அந்தப் பெட்டியிலிருந்து எனக்கும் ஒரு கட்டி கொடுங்கள். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பேச அழைத்த வாத்தியாருக்கும், மன்னித்துச் சிரித்த வெள்ளையம்மாவுக்கும் நன்றி கூறி, அரைப்பேர் அழகமுத்து இதோ பீலிக்குப் போகிறேன். கழுவிவிட்டு வந்து நிற்கிறேன், இருளாயி. என்னையும் மறுபடி பார்த்துப் பேர் போடு. எல்லாருக்கும் வணக்கம்!