மூன்றாவது சிலிண்டர் நன்றாக இருந்தது

தேநீர் நன்றாக இருக்கிறது. நான் சொல்லப்போவது எல்லாமே நடந்தபடிதான் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. தீப்பிடித்தது காலையா மத்தியானமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு. எஞ்சின் அறையில் ஜன்னல் கிடையாது. ஆனால் அப்போது படித்துக்கொண்டிருந்த நாவலில் எந்த இடத்தில் இருந்தேன் என்பது மறக்கவில்லை. ஒரு வீட்டுக் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று ஒருவன் இரண்டு அத்தியாயங்களாக வாசலில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு அப்படிப்பட்ட புத்தகங்கள்தான் பிடிக்கும்.

விசாரணையை முடித்துக் கோப்பை மூடிவிட்டீர்கள் என்பது தெரியும். மட்டமான எரிஎண்ணெயே தீக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிக்கை. வளவள என்று இல்லை. அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

எனக்குப் பேச்சு ஒத்துவராது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துவராததுபோலத்தான், அதில் ஆணவம் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவன் ஏன் கப்பல் எஞ்சின் அறைக்குப் போனான் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் எஞ்சின் மூன்று மாடி உயரம். ஒவ்வொரு பிஸ்டனும் அதன் தண்டும் சேர்ந்தால் ஆளைவிட உயரம். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. எல்லோரும் காதுமூடி போட்டுக்கொண்டு தலையாட்டுவார்கள். வெளியில் இருப்பவர்கள் அதை இரைச்சல் என்பார்கள். எனக்கு அது தாழ் போட்ட அறை. எஞ்சினைக் கிளப்புவதற்கான அழுத்தக் காற்றை அடைத்துவைக்கும் இரண்டு பெரிய இரும்புக் குடுவைகள் உண்டு. அவற்றுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டிருந்தேன். சுற்று வந்து முடித்ததும் அங்கே உட்கார்ந்து படிப்பேன். இத்தனை வருட வாழ்க்கையில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

தலைமை எஞ்சினியர் என் மனைவியின் அண்ணன். இரண்டாம் எஞ்சினியர் வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். நல்ல மனிதர். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவரிடம் இருந்த ஒரே குறை, அவர் விழித்திருப்பதுதான். சாப்பிடும்போது பேசுவார். பல் துலக்கும்போதும் பேசுவார், அது நமக்குப் புரிய வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார். எஞ்சின் ஓடும் நேரத்தில் மட்டும் கட்டுப்பாட்டு அறையின் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பார். உதடு அசைவது தெரியும், சத்தம் வராது. தொட்டியில் பெரிய மீன் ஒன்று நீந்துவதைப் பார்ப்பதுபோல நான் இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். அவர்மேல் எனக்கு அளவில்லாத பாசம் பொங்கும். எஞ்சின் நின்றுவிட்டால் கண்ணாடிக்கு வேலை இல்லை. அவர் கீழே இறங்கி வந்துவிடுவார்.

ஃபிட்டர் வேறு மாதிரி. வெல்டிங், பழுது, குழாய் வேலை எல்லாம் அவர் பொறுப்பு. பேச வாய்ப்பு இருக்கும் இடத்திலும் பேச மாட்டார். நாங்கள் இரண்டு பேரும் கையாலேயே எல்லாம் சொல்லிக்கொள்வோம். விரல்களைக் காட்டினால் அத்தனையாவது சிலிண்டர். உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தால் சூடு. கட்டைவிரலை உயர்த்தினால் சரியாக இருக்கிறது, விட்டுவிடு. இதைவிட ஒரு நட்புக்கு என்ன சொற்கள் வேண்டும்? கப்பலில் நான் நேசித்த ஒரே ஆள் அவர்.

இனி விஷயம். பிஸ்டனைச் சுற்றி இரும்பு வளையங்கள் இருக்கின்றன. ரிங் என்போம். மேலே எரிகிற தீ கீழே இறங்காமல் தடுப்பது அவைதான். ரிங் சிக்கிக்கொண்டால் தீப்பொறி கீழே உள்ள காற்றுப்பெட்டிக்கு இறங்கும். அந்தப் பெட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். மிச்சத்தை நீங்களே அறிக்கையில் அழகாக எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் துறைமுகத்தில் எஞ்சின் நிற்கும்போது ஒருவர் காற்றுப்பெட்டிக்குள் நுழைந்து, சிலிண்டரின் துவாரங்கள் வழியாக ஒவ்வொரு ரிங்காகப் பார்க்க வேண்டும். வெளியில் ஒருவர் சிறிய மோட்டாரால் எஞ்சினை மெதுவாகச் சுழற்றுவார். பிஸ்டன் ஆமைபோல ஏறி இறங்கும். உள்ளே இருப்பவர் ஒரு மரக்குச்சியால் ரிங்கை அழுத்த வேண்டும். அது உள்ளே போய்த் திரும்ப எழும்பினால் நல்லது. எழும்பாவிட்டால் சிக்கிவிட்டது என்று பொருள். அது ஒரு ஆள் செய்யும் வேலை. தீப்பிடிப்பதற்கு முன் கடைசியாக நின்ற துறைமுகத்தில், மச்சான் தானும் உள்ளே வருவதாகச் சொன்னார். நான் தனியாக இருப்பது அவருக்குப் பொறுக்காது.

அந்தப் பெட்டியை நீங்கள் பார்க்க வேண்டும். துணி அலமாரியைப் படுக்கப்போட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். நான் குப்புறக் கிடந்தேன். அவர் என் காலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"இதான் மாப்ள எனக்குக் கடைசி கப்பல்," என்றார். "அடுத்த வருசம் இதே நேரம் உங்க வீட்டு மாடியில இருப்பேன். தங்கச்சிகிட்ட எல்லாம் பேசி முடிச்சாச்சு."

"மாடியே இல்லையே மச்சான்."

"கட்டினா வந்துடப்போகுது. படிக்கட்டுதான் தகராறு. வெளிய வெச்சா மழையில நனையணும். உங்க ஹால்லேருந்து நேரா ஏத்திட்டா, நினைச்சப்ப நான் இறங்கி வரலாம், நினைச்சப்ப நீங்க ஏறி வரலாம். என்ன சொல்றீங்க?"

"ஹால்ல இடம் இல்லையே."

"ஒரு அலமாரி இருக்குல்ல, புஸ்தகமா அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதைத் தூக்கிட்டா இடம் தானா வரும். எல்லாம் படிச்சதுதானே?"

அப்போது மூன்றாவது சிலிண்டரின் முன் இருந்தோம். குச்சியை வைத்து ரிங்கை அழுத்தினேன். அது அசையவில்லை. கல்லை அழுத்துவதுபோல இருந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினேன். அங்கும் அப்படித்தான்.

"எப்படி இருக்கு மாப்ள?" என்றார் பின்னாலிருந்து.

நான் யோசிக்காமல் பதில் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக யோசித்தேன். சிக்கிவிட்டது என்று சொன்னால் சிலிண்டரின் மேல்மூடியைக் கழற்றிப் பிஸ்டனையே மேலே தூக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை. எஞ்சின் மூச்சுப் பேச்சில்லாமல் நிற்கும். மச்சான் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கழிப்பறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிப்பார்.

"நல்லா இருக்கு மச்சான்," என்றேன்.

"நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரி," என்று சொல்லிவிட்டு, அவர் பேச்சைச் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதும் எஞ்சின் முழு வேகத்தில் உறுமியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நிம்மதி.

தீப்பிடித்த நாளுக்கு வருகிறேன். நான் குடுவைகளுக்குப் பின்னால் இருந்தேன். நாவலில் அந்த ஆள் கதவின்மேல் கை வைத்துவிட்டான். ஃபிட்டர் வந்து எதிரில் நின்றார். மூன்று விரல்களைக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தார். அவர் கண்ணில் கேள்வி இருந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். பெட்டியின்மேல் பூசியிருந்த சாயம் அப்பளம்போல உப்பியிருந்தது. பெட்டியின் வடிகுழாயைத் திறந்து காட்டினார். எண்ணெயும் காற்றும் சீறி வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பிசுக்கு அடைத்துக்கொண்டிருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்தச் சிலிண்டருக்கு எரிஎண்ணெயை வெட்ட வேண்டும். எல்லோரையும் பெட்டிக்கு எட்டப் போகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே அழுத்தம் ஏறினால் தானாகத் திறந்து தீயை வெளியே துப்புகிற ஒரு மூடி அதில் உண்டு. பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மச்சான் இறங்கி வருவார்.

நான் கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். அவர் உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு படிக்கட்டு கட்டினார்.

ஒரு கையில் புத்தகம் இருந்தது, பக்கம் தவறிவிடாமல் விரலை உள்ளே விட்டிருந்தேன். மற்ற கையின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். ஃபிட்டர் சிரித்தார். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனாலும் வேலையில் சுத்தக்காரர். அடைத்த குழாயை அப்படியே விட மனம் வரவில்லை. கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த மூடிக்கு நேர் கீழே குனிந்து, குத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். நான் முக்காலிக்குத் திரும்பினேன்.

மூடி திறந்து தீயைத் துப்பிய பிறகு நான் செய்ததில் யாரும் குறை சொல்ல முடியாது. எஞ்சினை நிறுத்தினேன். எரிஎண்ணெயை வெட்டினேன். தீயணைக்கும் வாயுவைப் பெட்டிக்குள் திறந்துவிட்டேன். 'நிதானமாகச் செயல்பட்டார்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஃபிட்டரை இழுத்து வந்ததும் நான்தான். எஞ்சின் நின்றதும் ஓர் அமைதி வந்தது. நான் அறிந்ததிலேயே பெரிய அமைதி. மச்சான் ஓடி வந்து, பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை நாள் நான் வேண்டியது அதைத்தான் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்பீர்கள். மச்சான் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட உட்காரவைத்து, இந்தக் கதையைச் சொல்கிறார். "எங்க மாப்ள இல்லைன்னா கப்பலே இல்ல. நெருப்புக்குள்ள பூந்து ஆளைத் தூக்கினாரு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு பாருங்க, அப்படி அடக்கம்." நான் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் எழுந்தால் மரியாதை இல்லை. ஒவ்வொரு தடவையும் கதை வளர்கிறது. இதற்குச் சிறை உண்டு என்றால், தனி அறையாக இருக்கும்படி நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பார்வையாளர் நேரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஃபிட்டர் தவிர மற்ற எல்லோரும் இருக்கிறார்கள். கப்பலை உடைப்பதற்கு விற்றுவிட்டார்கள். ரிங் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவர் என்பதால் மச்சானை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் எங்கள் மாடியில் இருக்கிறார். படிக்கட்டு ஹாலிலிருந்துதான் ஏறுகிறது. அலமாரியை என் மனைவி பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டாள். புத்தகங்கள் அட்டைப்பெட்டிகளில் படிக்கட்டுக்குக் கீழே இருக்கின்றன. நாவலில் அந்த ஆள் கதவைத் தட்டாமல் திரும்பிப் போய்விடுகிறான்.

போன மாதம் ஃபிட்டரின் மனைவி வந்திருந்தார். மச்சான் அவருக்கும் முழுக் கதையையும் சொன்னார். கிளம்பும்போது அந்த அம்மா என்னை வாசலில் நிறுத்தி, "அண்ணே, கடைசியா நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க, அவரு ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார்.

ஒன்றும் சொல்லவில்லை அம்மா என்றேன். அது மட்டும் சத்தியமான உண்மை.