கங்கம்மாள் போடாத கையெழுத்து

இக்கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் பரசுராமன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சான்றோர்களே, வாலாஜாபாத்திலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு கப்பலில் வந்த பர்மா சொந்தங்களே!

நம் சங்கத் தலைவி கங்கம்மாள் மறைந்துவிட்டார். செயலாளனாக அவர் பக்கத்திலேயே நின்றவன் நான். இன்று அவர் இல்லாத மேடையில் நிற்கிறேன். என்ன சொல்லி ஆறுதல் அடைவது?

அறுபத்து நான்காம் ஆண்டு, ரங்கூனில் அவரும் கணவர் நடேசனும் நடத்திய துணிக்கடைக்குச் சிப்பாய்கள் வந்தார்கள். கடை இனி அரசாங்கத்துடையது என்றார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நம் எல்லோருக்கும் நேர்ந்ததுதான். மனைவியைக் கப்பலேற்றிவிட்டு நடேசன் மட்டும் அங்கேயே தங்கினார். “நீ முன்னாடி போ. கடைய மீட்டுக்கினு வந்துட்றேன்” என்றாராம். வந்தாரா? இல்லை, அவர் இறந்த செய்திதான் வந்தது. கணவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட அந்த அம்மாவுக்குக் கொடுத்து வைக்கவில்லை!

இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தகரக் கொட்டகையில் நம்மை வைத்தார்கள். பிறகு வீட்டுமனை தருவதாகச் சொல்லி ஓர் அதிகாரி வந்தார். ஆனால் மனை வேண்டுமென்றால் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போடவேண்டும். “பர்மாவில் எனக்குச் சொத்தும் இல்லை, அந்த அரசிடம் கேட்க உரிமையும் இல்லை.” அதுதான் வாசகம்.

அப்போது அடைமழை. கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். இதோ முன்வரிசையில் இருக்கும் கண்ணப்பன் அன்று அழுதுவிட்டார். “யக்கா, கொயந்தைக்கு ஜொரம். இன்னா பண்றது சொல்லு.”

கங்கம்மாள் கோபப்படவில்லை. “நீ போட்டுட்டு மனைய வாங்கிக்கப்பா. கொயந்ததான் முக்கியம். நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்” என்றார்.

“நீ?”

“நான் போட மாட்டேன். அந்தக் கடை எங்களுது இல்லன்னு எய்திக் குடுத்தா, எங்கூட்டுக்காரரு இன்னாத்துக்கு அங்க செத்தாரு?”

மறுநாள் அந்த அதிகாரியின் அலுவலக வாசலில், மழையில், தனியாகப் போய் உட்கார்ந்தார். கண்ணப்பன் கையெழுத்துப் போடத்தான் போனார். வாசலில் அந்த அம்மாவைப் பார்த்தார். உள்ளே போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்! அவரைப் பார்த்து அவர் மனைவி வந்தார். பிறகு கொட்டகையே திரண்டு வந்தது.

காஞ்சிபுரத்திலிருந்து மேலதிகாரி வந்தார். “அம்மா, வெளிநாட்டு அரசாங்கத்துகிட்ட வாங்கிட முடியும்னு நம்புறீங்களா?” என்று கேட்டார்.

“கெடைக்குதோ இல்லியோ சார், கேக்கறது எங்க உரிமை. அத நாங்களே அடிச்சிட்டா, அப்புறம் யாரு கேப்பா?”

அவர் அந்த உறுதிமொழித் தாளை வாங்கிப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வாசகத்தைத் தன் கையாலேயே அடித்தார். உரிமையை இழக்காமல் நாம் மனை பெற்றோம். தண்டலம் பக்கம் இன்று நாம் குடியிருக்கும் தெரு அப்படி வந்தது.

அதோடு நின்றாரா? அயல்நாட்டு அரசின் மேல் வழக்குப் போட மத்திய அரசின் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தோம், மறுத்தார்கள். நான் சோர்ந்து போனேன். “ஒருதபா மாட்டேன்னா வுட்றுவியா? இன்னொரு மனு எய்து” என்றார். அந்த மனு தில்லியில் இருக்கும்போதே நம்மை விட்டுப் போய்விட்டார்.

நண்பர்களே! அவர் வென்றார் என்று பொய் சொல்ல மாட்டேன். கடை திரும்பவில்லை. இழப்பீடும் வரவில்லை. ஆனால் நம்மிடம் பறித்தது அநியாயம் என்பதைக் கடைசி மூச்சுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனுதாரர் போய்விட்டார், மனுவும் போயிற்று என்று தில்லியில் நினைக்கலாம். அவர் தங்கை ரத்னா இங்கே இருக்கிறார். இன்று காலை அவரிடம், “அக்கா எடத்துல நீங்க நிப்பீங்களா?” என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்க வந்து நிக்கணும், சொல்லுங்க” என்றார்.

கங்கம்மா, மனு உயிரோடு இருக்கிறது. ரத்னாவோடு நாங்கள் அத்தனை பேரும் நிற்போம்.