ஆறுதல் பக்கத்தில் எழுதப்பட்ட கை

மாண்புற இம்மாலைக்குத் தலைமை தாங்கும் எங்கள் மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே! நரைமுடியும் நகைமுகமுமாக முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பகலெல்லாம் வேலை பார்த்த களைப்போடும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பேருந்துப் பணிமனையின் புகையிலும் புழுதியிலும் ஜெபத்தை மறவாத என் தோழர்களே! உயிர்த்தெழுந்த ஆண்டவரின் திருப்பெயரால் உங்கள் அனைவரையும் உளமார வணங்குகிறேன்.

நம் ஜெபக்குழுவின் பத்தாம் ஆண்டு விழாவில் பேச என்னை ஏன் அழைத்தார்கள்? நான் பணிமனையின் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளன். நட்டு கேட்டால் இல்லை என்பேன். போல்ட்டு கேட்டால் இல்லை என்பேன். நாளைக்காவது வருமா என்றால் அதற்கும் இல்லை என்பேன். அதனால் எனக்கு ‘இல்லை அண்ணன்’ என்றே பெயர். அதோ, மூன்றாம் வரிசையில் சிரிக்கிறாரே ஃபிட்டர், பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான். சிரியுங்கள் ஐயா, பிரேக் வயர் கேட்டு வராமலா போய்விடுவீர்கள்!

அப்படிப்பட்ட என்னை, நம்பிக்கையைப் பற்றிப் பேசு என்கிறார்கள். பேசுகிறேன். நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறேன். என் பெருமையை அல்ல, என் தங்கையின் பெருமையை, அவள் கணவரான என் மச்சானின் பெருமையைப் பேசுகிறேன்.

மச்சான் எங்கள் பணிமனையில் வெல்டர். சென்ற ஆண்டு பேருந்தின் இரும்புச் சட்டம் ஒன்று ஜாக்கியிலிருந்து நழுவி அவருடைய வலது கையின்மேல் விழுந்தது. எலும்பு கூடியது, ஆனால் மூன்று விரல்கள் மடங்க மறுத்துவிட்டன. இனி மடங்கவே மடங்கா என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நிர்வாகம் மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அதற்குள் வெல்டிங் தேர்வில் தேறினால் மறுபடி வெல்டிங் மேசை. தேறாவிட்டால் வாசலில் வண்டி எண் குறிக்கும் நாற்காலி. பதினெட்டு ஆண்டுகள் நெருப்போடு நின்றவருக்கு நாற்காலி என்றால் எப்படி இருந்திருக்கும்?

புதன்கிழமைதோறும் மதிய இடைவேளையில் நாம் கூடி ஜெபிக்கிறோம். ஜெபக்குறிப்பு நோட்டு என் பொறுப்பு. அதன் முன்பகுதி ‘சுகம் வேண்டி’, பின்பகுதி ‘ஆறுதல் வேண்டி’. இழவு வீட்டாருக்கும், இனி வழியே இல்லை என்று ஆனவர்களுக்கும் பின்பகுதி. நான் என்ன செய்தேன் தெரியுமா? மருத்துவர் சொன்ன மறுவாரமே மச்சானின் பெயரை முன்பகுதியில் அடித்துவிட்டுப் பின்பகுதியில் எழுதினேன். எழுதியதோடு நின்றேனா? எழுந்து உருக்கமாக வாசிக்கவும் செய்தேன்: “வெல்டிங் வேலையை இழந்துவிட்ட நம் சகோதரருக்கு ஆண்டவர் ஆறுதல் தருவாராக!” எல்லோரும் ஆமென் என்றார்கள். ஆயர் ஏன் என்னை முறைக்கிறார்? அன்று அவரும்தான் ஆமென் சொன்னார், மறைப்பானேன்!

மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வந்த என் தங்கை, கதவருகே நின்று அத்தனையும் கேட்டுவிட்டாள்.

“என்னண்ணா இது? உயிரோட இருக்கற மனுஷனுக்கு இப்பவே ஒப்பாரி வெச்சிட்டீங்களா?”

“அழாதம்மா. டாக்டரே சொல்லிட்டாரு. மனச தேத்திக்க வேண்டியதுதான்.”

“நான் எங்க அழறேன்? நீங்கதான் அழறீங்க. சரி, வலது கை வராது, ஒத்துக்கறேன். இடது கைக்கு என்ன குறைச்சல்?”

“பதினெட்டு வருஷப் பழக்கம், மூணு மாசத்துல மாறுமா? நடக்கற காரியமா பேசும்மா.”

“நம்ம ஆண்டவர் உயிர்த்து வந்தப்போ கையில காயத்தோடதானே வந்தாரு? காயம் இருக்குன்னு யாராவது அவருக்கு ஆறுதல் சொன்னாங்களா? அவர நம்பறவங்கண்ணா நாம. பேர முன்னாடி எழுதுங்க. எழுதறத பாத்துட்டுத்தான் போவேன்.”

எழுதினேன். ஆனால் நம்பி எழுதவில்லை. அவளுக்குப் பயந்து எழுதினேன்.

அன்று முதல் அவர்கள் வீட்டுச் சமையலறையே பயிற்சிக்கூடம் ஆனது. மச்சான் இடது கையில் பென்சிலைப் பிடித்துப் பழைய செய்தித்தாளில் மெல்ல மெல்லக் கோடு இழுப்பார். கோணினால், “இது கோடா, பாம்பா?” என்பாள் தங்கை. பிறகு பென்சில் போய் வெல்டிங் ராடு வந்தது. பணிமனையில் வேலை தொடங்குமுன் தினமும் ஒரு மணி நேரம், கழித்துப் போட்ட இரும்புத் துண்டுகளில் பழகினார். நம்பிக்கை என்றால் என்ன? ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று கைகட்டி உட்காருவதா? ஆண்டவர் உடனிருக்கிறார் என்று அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போவதல்லவா? அவர்கள் முழங்காலிலும் நின்றார்கள், உழைப்பிலும் நின்றார்கள்!

தேர்வு நாள் வந்தது. இரண்டு தகடுகளைப் பற்றவைக்க வேண்டும். ஃபோர்மேன் அதை இயந்திரத்தில் வைத்து வளைப்பார். விரிசல் விட்டால் தோல்வி. மூன்றே வாய்ப்பு. முதல் துண்டு விரிசல் விட்டது. இரண்டாவதும் விட்டது. நான் என்ன செய்தேன்? நோட்டை எடுத்துப் பின்பகுதியைத் திருப்பிவிட்டேன்! சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மச்சானோ, உடைந்த துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“மச்சான், ஓரத்துலதான் விட்டிருக்கு. நடுவுல நல்லா பிடிச்சிருக்கு பாருங்க. கடைசில அவசரப்படாம கைய எடுத்தா போதும்.”

நான் பார்த்தது விரிசல். அவர் பார்த்தது பிடிப்பு. இரும்பு ஒன்றுதானே, அன்பர்களே!

ஒரு நொடி கண்மூடி ஜெபித்தார். முகக்கவசத்தை இறக்கினார். மூன்றாம் துண்டைப் பற்றவைத்தார். ஃபோர்மேன் வளைத்தார். வளைந்தது, மேலும் வளைந்தது, விரியவே இல்லை! “யோவ், பாஸுய்யா!” என்று ஃபோர்மேன் போட்ட சத்தத்தில் பணிமனையே ஓடி வந்தது. கிடங்கைத் திறந்துபோட்டுவிட்டு வந்து நின்ற நான், ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வலது கை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. சட்டைப் பொத்தானை இன்றும் என் தங்கைதான் போட்டுவிடுகிறாள். அதை மறைத்து உங்களிடம் அற்புதக் கதை அளக்க நான் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆயரையும் ஆறு பெரியவர்களையும், தொண்ணூற்றெட்டு கிலோ என்னையும் தாங்கி நிற்கிறதே இந்த மேடை, இதன் அடிச்சட்டத்தைப் பற்றவைத்தது யார்? அந்த இடது கை! இதோ, ஓங்கி மிதிக்கிறேன். ஆடுகிறதா? அசைகிறதா? பயப்படாதீர்கள் ஆயரே, நாற்காலியை விடுங்கள்!

மச்சான், எழுந்து நில்லுங்கள். தங்கையே, நீயும் எழுந்திரு. இவர்கள் என் வீட்டார் என்று சொல்ல எனக்குக் கொடுத்துவைத்திருக்கிறது. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. காயம்பட்ட கைகளால் நம்மை ஆசீர்வதிக்கும் ஆண்டவரின் சமாதானம் உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் தங்கட்டும். வணக்கம்!