இறங்குறதை எவனும் வரையறதில்ல

– அதான் சொல்றேன் மச்சான், உங்க தபால்காரன் படக்கதை மொத்தமும் ரீல். பன்னெண்டாவது மாடியில இருந்து குதிக்கிறானாம், நாலு பேரை வெட்டிச் சாய்க்கிறானாம், அடுத்த கட்டத்துல தலைகூட கலையாம நின்னு கடிதாசி குடுக்கறானாம்!

– தபால்காரனை விடு மாப்ள. மீட்டரைச் சொல்லு. காத்து எவ்வளவு?

– அறுபத்திரண்டு கிலோமீட்டர்.

– பிரேக்கை எடுத்து விட்டிருக்கல்ல? கிரேனோட கை காத்துக்கு அதுபாட்டுக்குத் திரும்பணும். நீ இழுத்துப் புடிச்சா மொத்தமும் சாஞ்சிடும்.

– எடுத்தாச்சு, எடுத்தாச்சு. இதோட ஏழு தடவை கேட்டுட்டீங்க. கேபினோட சேர்ந்து நானும்தான் சுத்திக்கிட்டிருக்கேன்.

– கேக்காம என்ன பண்ணச் சொல்ற? கீழ கட்டடம் காத்தை மறைக்குது, ஒரு காகிதம்கூட அசையல. மீட்டர் உன்கிட்டதான் இருக்கு. நாப்பதுக்குக் கீழ வந்தாத்தான் நீ ஏணியில கால் வைக்கலாம், கேட்டுக்கோ.

– மத்த ரெண்டு கிரேன்காரங்க?

– எப்பவோ எறங்கிட்டாங்க. ஷெட்டுல டீயைக் குடிச்சுக்கிட்டு உன்னைத்தான் அண்ணாந்து பாக்கறாங்க.

– வெக்கமா இருக்கு மச்சான்.

– வெக்கப்பட வேண்டியவன் நான். "காத்து வருது, எல்லாரும் எறங்குங்க"ன்னு மேஸ்திரி வாக்கி-டாக்கியில வேலைச் சேனல்ல மூணு தடவை கத்தியிருக்கான். நாம ரெண்டு பேரும் அஞ்சாம் சேனலுக்குத் தாவி, தபால்காரன் பெரிசா, இரும்பு ராட்சசன் பெரிசான்னு அடிச்சுக்கிட்டிருந்தோம். உலகத்துல வேற எவனாவது ஜப்பான் மங்கா படக்கதைக்காக அறுபது மீட்டர் உயரத்துல மாட்டிக்கிட்டு நிப்பானா? கிரேனுக்கு வழி காட்டுற சிக்னல்காரன்னு முதுகுல எழுதிப் போட்டுக்கிட்டு என்னத்தக் கிழிச்சேன்!

– சண்டையை ஆரம்பிச்சது நான்தானே.

– அது வாஸ்தவம். சும்மா கெடந்த என் கையில முதல் பாகத்தைத் திணிச்சவனும் நீதான்.

– திணிச்சேனா? வலப்பக்கத்துல இருந்து படிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்க இடப்பக்கத்துல ஆரம்பிச்சு, "செத்தவன் எந்திரிச்சு வரான்டா, என்னா கதைடா"ன்னு ஊரைக் கூட்டினீங்க.

– எனக்கு அது அப்படித்தான் புடிச்சிருந்துச்சு! நேராப் படிச்சா அவன் சாவறான். யாருக்கு வேணும் அந்தக் கதை? காத்து எவ்வளவு?

– அம்பத்தெட்டு.

– கொறையுதே.

– இல்ல இல்ல, மறுபடி அறுபது. ஏறி ஏறி எறங்குது.

– ம். சரி, உன் ராட்சசனைப் பத்திச் சொல்லு. அந்தப் பொண்ணு அவன் நெஞ்சுக்குள்ள உக்காந்து மெஷினா ஓட்டுறாளே, ஒன்பது பாகமா அவ சோறு தின்னு நான் பாக்கல.

– சண்டைக் கதையில மட்டும் இலை போட்டுச் சாப்பிடறாங்களாக்கும்! விஞ்ஞானக் கதைன்னா யோசிக்க வைக்கணும் மச்சான். கடலுக்கு அடியில அந்த மெஷினு நடக்குது. வெளிய எல்லாம் இருட்டு. உள்ள இவ மட்டும், ஒரு சின்ன விளக்கு, ரெண்டு லிவர். இந்த சீட்ல முதல் நாள் உக்காந்தப்போ எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. ரெண்டு கையிலயும் லிவரு, கால் மாட்டுல கண்ணாடி. நானே ராட்சசன் ஆயிட்டேன்னு உங்க தங்கச்சிகிட்ட போன் போட்டுக் கத்தினேன்.

– "ஆனது ஆயிட்டீங்க, வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க"ன்னு சொன்னாளாமே.

– சிரிக்காதீங்க.

– சிரிக்கலப்பா. காத்து?

– அறுபது.

– மாப்ள, மேஸ்திரி தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமான்னு கேக்கறான்.

– வேணாம்! சத்தியமா வேணாம் மச்சான். கயித்துல கட்டி எறக்கினாங்கன்னா நாளையில இருந்து என்னை எந்த கிரேன்லயும் ஏத்த மாட்டாங்க. எனக்கு வேற என்ன வேலை தெரியும்?

– அதான் கால் மணி நேரம் பொறுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுக்கு மேல என் பேச்சு எடுபடாது.

– கால் மணியா?

– கால் மணிதான். பேசிக்கிட்டே இரு. ஒரு கேள்வி. நீ நூறு பாகம் படிச்சிருப்ப. எது நல்லாவே இல்ல? எதைப் பாத்தா உனக்கு எரிச்சல் வருது?

– சொல்லட்டுமா? எவனும் எறங்குறதை வரையறதில்ல.

– புரியலையே.

– ஏறுறதை வரையறான். பக்கம் பக்கமா வரையறான். கோபுரம், மலை, ராட்சசனோட தோள்... எல்லாத்துலயும் ஏறுறான். உச்சியில நின்னு ரெண்டு பக்கத்துக்குப் பெரிய படம். அப்புறம் பக்கத்தைத் திருப்பினா ஆளு தரையில நிக்கறான். எப்படி வந்தான்? உங்க தபால்காரன் குதிச்சிட்டான். என் ராட்சசப் பொண்ணுக்கு நெஞ்சுக் கதவு தொறக்குது, அடுத்த கட்டத்துல வீட்டுல இருக்கா. நடுவுல ஏணி இல்லையா? ஒவ்வொரு படியா காலைக் கீழ துழாவி துழாவி வைக்க வேணாமா? கை வேர்க்காதா? அதை ஏன் மச்சான் எவனும் வரையல?

– ஏணியில உனக்கு என்னடா ஆச்சு? சொல்லு.

– ஒண்ணும் இல்ல.

– சொல்லுன்னேன்ல.

– மூணு மாசம் முன்னாடி ஒரு நாள் மழை. எறங்கும்போது ஏணி நடுவுல நிக்கற தட்டு இருக்கே, நாலாவது தட்டுக்கிட்ட கால் வழுக்கிடுச்சு. ரெண்டு கையில தொங்கினேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. யார்கிட்டயும் சொல்லல, உங்க தங்கச்சிகிட்டகூட. அன்னையில இருந்து கண்ணை மூடிக்கிட்டுதான் எறங்குறேன். படியை எண்ணிக்கிட்டே வருவேன். இருநூத்திப் பத்து படி.

– கண்ணை மூடிக்கிட்டா? அடப்பாவி!

– இன்னைக்கு நீங்க எறங்குன்னு சொன்னதும் கதவைத் தொறந்தேன். காத்து கதவைக் கையில இருந்து புடுங்கி வெளிய அடிச்சிடுச்சு. என்னையும் சேர்த்து வெளிய இழுத்துடுச்சு மச்சான், பாதி உடம்பு வெளிய. நேரா கீழ பாத்துட்டேன். எப்படியோ இழுத்துச் சாத்திட்டேன். அப்புறம் தாழ்ப்பாள்கிட்ட கையைக் கொண்டு போனாலே விரல் மடங்கிக்குது. பயமா இருக்கு.

– வேற என்ன பயம்?

– எறங்கினா நாளைக்கு மறுபடி ஏறணுமே. ஏறினா எறங்கணும். இது முடியவே முடியாது. நீங்க ஆறு வருஷம் இதே சீட்ல இருந்தவரு, உங்களுக்கு எங்க புரியப் போகுது?

– காத்து எவ்வளவு மாப்ள?

– அறுபது.

– நல்லாப் பாத்துச் சொல்லு.

– ...பதினெட்டு.

– ம்.

– அரை மணி நேரமா பதினெட்டு, இருபதுதான். நான் பொய் சொன்னேன். திட்டுங்க.

– தெரியும்டா.

– எப்படித் தெரியும்?

– பிரேக்கை எடுத்துட்டேன்னு ஏழு தடவை நீயே சொன்ன. பிரேக் இல்லாத கிரேன் அறுபது கிலோமீட்டர் காத்துல ஆடாம நிக்குமா? அது தண்ணி டேங்குப் பக்கம் மூஞ்சியை வெச்சுக்கிட்டு அரை மணி நேரமா செலையாட்டம் நிக்குது. எனக்கு என்ன, கண்ணு இல்லையா?

– தெரிஞ்சுக்கிட்டேவா காத்து எவ்வளவு, காத்து எவ்வளவுன்னு என் உயிரை வாங்கினீங்க?

– உன் வாயால வரணும்னுதான். வந்துடுச்சுன்னா கை தன்னால தாழ்ப்பாளுக்குப் போகும்.

– அப்படின்னு யார் சொன்னா?

– யாரும் சொல்லல. எனக்கு உண்மை வாயில வரல மாப்ள, அதான் தெரியும். அந்த சீட்ல என் கடைசி நாள், காத்து எழுபதுன்னு பொய் சொல்லிச் சொல்லியே பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தேன். மறுநாள் முதுகுவலின்னு மேஸ்திரிகிட்ட அழுதுட்டு, "என் தங்கச்சி புருஷன் எந்நேரமும் மெஷின் கதை படிக்கிறவன், அவனுக்கு இதுன்னா உயிரு"ன்னு சொல்லி, நான் உக்கார பயந்த எடத்துல உன்னை ஏத்தி விட்டேன்.